செவிலியர் சுமையும் ஒரு முழக்கோலும்

கம்பி ஒன்றில் எடையைத் தொங்கவிட்டால் அது சிறிது நீளுகிறது. எடையைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வருவது தகைவு. நீட்சியை முதல் நீளத்தால் வகுத்தால் வருவது திரிபு. முன்னது காரணம், பின்னது விளைவு. பிளஸ் ஒன் மாணவரும் அறிந்த செய்திதான். தகைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உடலியலில் பரப்பிய ஹான்ஸ் செலி என்ற அறிஞர், விளைவுக்குக் காரணத்தின் பெயரைச் சூட்டிவிட்டார். ஆங்கிலம் நன்கு தெரிந்திருந்தால் 'திரிபு' என்றே சொல்லியிருப்பேன் என்று பின்னாளில் அவரே கூறினார்.

இந்தக் குழப்பம் இன்றும் தொடர்வதைக் காண, செவிலியரின் மன அழுத்தத்தை அளக்க நம் நாட்டு ஆய்வேடுகளிலும் எடுத்தாளப்படும் ஒரு வினாத்தாளைப் பார்ப்போம். அமெரிக்காவில் பமேலா கிரே-டாஃப்ட், ஜேம்ஸ் ஆண்டர்சன் ஆகிய இருவர் 122 செவிலியரைக் கொண்டு உருவாக்கி, 1981-இல் வெளியிட்டது. வினாக்கள் 34. நோயாளியின் மரணம், மருத்துவருடன் பூசல், ஆள் பற்றாக்குறை போன்றவை எத்தனை முறை நேர்கின்றன என்று கேட்டு, நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறது. 'உனக்கு மனத்திடம் போதாது' என்று செவிலியரைக் குறை கூறாமல், வார்டில் என்ன நடக்கிறது என்று கேட்டதே இதன் பெருமை. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கூட்டல் கணக்கைக் கவனியுங்கள். நோயாளி இறப்பது ஒரு வினா. கம்ப்யூட்டர் பழுதாவது இன்னொரு வினா. இரண்டுக்கும் மதிப்பெண் ஒன்றே! கிலோகிராமையும் விநாடியையும் கூட்டி எழுதும் மாணவனுக்கு நான் சுழி போடுவேன். 'அடிக்கடி' என்பது 'எப்போதாவது' என்பதைவிட எத்தனை மடங்கு என்று யாரும் சொல்ல இயலாது. அப்படியிருக்க, மொத்தத்துக்குச் சராசரி கண்டு தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதுவது எந்த அளவையியல்?

டெல்டாவில் நடவு, அறுவடைக் காலங்களை எண்ணிப் பாருங்கள். வரப்பில் பாம்பு தீண்டியவரைக் கொண்டுவருகிறார்கள். இரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும். இமை தொங்குகிறதா, மூச்சு தடுமாறுகிறதா, விஷமுறிவு மருந்து ஒவ்வாமல் உடல் தடிக்கிறதா என்று இடைவிடாமல் கவனிக்க வேண்டும். அதே நேரத்தில் அடுத்த கட்டிலில் பூச்சிமருந்து குடித்தவர். வாசலில் உறவினர் கூட்டம், ஒவ்வொருவரும் "சிஸ்டர், சிஸ்டர்" என்கிறார்கள். உறவினரைப் பற்றிய வினாக்கள் 2000-இல் வந்த விரிவாக்கப் பதிப்பில்தான் தனித் தலைப்பாக இடம்பெற்றன. கட்டிலுக்குக் கட்டில் சுமை மாறுவதை அதுவும் அளக்கவில்லை.

பெரிய குறை வேறு. தகைவு என்றால் எடை மட்டுமன்று, பரப்பும் வேண்டும். இங்கே பரப்பு என்பது கைகளின் எண்ணிக்கை. 2002-இல் லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் விவரங்களை ஆராய்ந்தனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம் அவர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் மிகுந்திருந்தன. ஆக, இது செவிலியரின் மனநலம் பற்றிய பேச்சு மட்டுமன்று; படுத்திருப்பவரின் உயிர் பற்றியது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. தஞ்சையோ கும்பகோணமோ, உறவினரைப் பார்க்கப் போகும்போது நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வினாத்தாள் தொடாத மற்றொன்று சம்பளம். 2015-இல் தமிழக அரசு ஒப்பந்த முறையில் ஆயிரக்கணக்கான செவிலியரை மாதம் 7,700 ரூபாய்க்கு நியமித்தது. பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற கவலையை 34-இல் எந்த எண்ணில் குறிப்பது?

நான் புரட்டிய சில ஆய்வேடுகள் கடைசிப் பக்கத்தில் யோகாவையும் மூச்சுப் பயிற்சியையும் பரிந்துரைக்கின்றன. யோகா நல்லதுதான். எனினும், சுமை தாங்காமல் கம்பி நீளும்போது கம்பிக்கு எண்ணெய் பூசும் யோசனை இது. தாங்கும் எல்லைக்கு உட்பட்ட சுமையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கினாலும் உலோகம் களைத்து முறியும். இரவு டியூட்டிகளும் அவ்வாறே ஏறி இறங்குபவை. அடுத்து இந்த வினாத்தாளை அச்சடிப்பவர்கள் முதல் பக்கத்தில் மூன்று கட்டங்கள் சேர்க்கட்டும்: நேற்றிரவு உங்கள் வார்டில் நோயாளிகள் எத்தனை? செவிலியர் எத்தனை? அவர்களுள் ஒப்பந்தத்தில் இருப்பவர் எத்தனை?