லிபெட் சோதனை: என் பழைய பதிவுக்கு ஒரு திருத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்னால் இங்கே பெஞ்சமின் லிபெட்டின் சோதனையைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். "நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்பே உங்கள் மூளை முடிவெடுத்துவிடுகிறது" என்று அதை முடித்திருந்தேன். நன்றாக ஓடிய பதிவு.

போன மாசம் நண்பன் ஒருவன் டீக்கடையில் சிகரெட் பற்றவைத்தான். ஐந்து மாதம் நிறுத்தி வைத்திருந்தவன். ஏன்டா என்று கேட்டேன். "நீதானே எழுதின? அரை செகண்டுக்கு முன்னாடியே மூளை முடிவு பண்ணிடுதாம். அப்புறம் நான் என்ன பண்றது?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து, நான் எழுதியதற்கு உண்மையில் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

கதை 1964ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் தொடங்குகிறது. கோர்ன்ஹூபர் என்ற நரம்பியலாளரும் அவருடைய ஆய்வு மாணவர் டீக்கெயும், ஒருவர் தானாக விரலை அசைப்பதற்கு முன் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினார்கள். எப்போது அசைப்பார் என்று தெரியாது என்பதுதான் சிக்கல். அதனால் ஈஈஜி பதிவைக் காந்த நாடாவில் பிடித்து, நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்கள். அசைவு நடந்த கணத்தைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முந்தைய நொடிகளைப் பல அசைவுகளுக்குச் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். ஒற்றைப் பதிவில் இரைச்சலுக்குள் மறைந்திருந்த ஒரு மெல்லிய ஏற்றம் சராசரியில் தெரிந்தது. தயார்நிலை மின்னழுத்தம் என்ற பொருளில் 1965ல் அதற்கு ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தார்கள். நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

லிபெட் 1983ல் இதோடு ஒரு கடிகாரத்தைச் சேர்த்தார். 2.56 நொடிக்கு ஒரு சுற்று சுற்றும் ஒளிப்புள்ளி. அதைப் பார்த்துக்கொண்டே, தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். "இப்போ அசைக்கணும்" என்ற உந்துதல் வந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். மின்னழுத்தம் அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே ஏறத் தொடங்கியது. ஆட்கள் சொன்ன உந்துதல் நேரமோ சுமார் 200 மில்லிநொடி முன்பு. இடையில் 350 மில்லிநொடி. இந்த இடைவெளியில்தான் நாற்பது வருட வாதம் முழுக்க நிற்கிறது. நானும் என் பதிவை அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

இந்த வாதம் நிற்க வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். உந்துதல் நேரம் உண்மையான அளவாக இருக்க வேண்டும், மின்னழுத்தத்தின் ஏற்றம் ஒரு முடிவைக் குறிக்க வேண்டும்.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009ல் பேங்க்ஸும் ஈஷாமும், பட்டனை அழுத்திய பிறகு மிகச் சிறிய தாமதத்தோடு ஒரு பீப் ஒலியைக் கொடுத்தார்கள். பீப் தள்ளிப்போகப் போக, ஆட்கள் சொன்ன முடிவு நேரமும் தள்ளிப்போனது. செயலுக்குப் பின்னால் வந்த ஒலி, செயலுக்கு முந்தைய நினைவை நகர்த்துகிறது. அப்படியென்றால் அந்த 200 என்ற எண் கடிகாரத்தில் நேராகப் படித்தது அல்ல. அதில் ஒரு பங்காவது பிறகு ஊகித்துச் சொன்னது.

இரண்டாவதுதான் முக்கியம். என் பதிவு மொத்தமாகத் தவறவிட்டதும் இதைத்தான். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். ஆள் ஏறுகிறார்கள், காத்திருந்து சலித்துச் சிலர் இறங்கிப் போகிறார்கள். எண்ணிக்கை ஏறும், இறங்கும். எட்டுப் பேர் சேர்ந்த கணம் வண்டி கிளம்பும். இப்போது நூறு வண்டிகள் கிளம்பிய கணத்தை எடுத்து, அங்கிருந்து பின்னோக்கிப் பத்து நிமிஷத்துக்குச் சராசரி எடுங்கள். அழகான ஒரு ஏற்றம் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு "கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்பே டிரைவர் முடிவு பண்ணிட்டார்" என்று சொன்னால் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். ஆறு பேர் வரை ஏறி மறுபடி மூன்றாகக் குறைந்த எத்தனையோ தருணங்கள் உங்கள் கணக்கில் வரவே இல்லை. கிளம்பிய வண்டிகளை மட்டும்தானே எடுத்தீர்கள்!

ஆரன் ஷர்கர், ஸிட், டெஹேன் மூவரும் 2012ல் ஏறக்குறைய இதைத்தான் ஒரு கணித மாதிரியாக எழுதினார்கள். மூளையில் எப்போதும் ஏற்ற இறக்கம் இருக்கிறது. "எப்பவாவது அசைங்க" என்ற சோதனை விதி ஒரு சின்ன தள்ளுதலைத் தருகிறது. சேர்ந்தது கசிந்துகொண்டும் இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்து ஒரு எல்லைக்கோட்டைத் தாண்டும்போது அசைவு. அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால், லிபெட் பார்த்த வளைவு தானாக வருகிறது. முடிவு என்று ஒன்றைச் சொல்வதானால் அது கோட்டைத் தாண்டும் இடத்தில், அசைவுக்குச் சற்று முன்புதான். அதற்கு முந்தைய ஏற்றத்தில் பெரும்பகுதி வண்டியில் ஆள் சேர்ந்த கதை.

2010ல் ட்ரெவீனாவும் மில்லரும் காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது. அசைக்கலாமா வேண்டாமா என்று ஆட்களையே தேர்வு செய்யச் சொன்னார்கள். அசைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தபோதும், அதற்கு முன் அதே மாதிரியான மின்னலை இருந்தது.

சோதனையின் பொருளே சின்னது என்பது இன்னொரு குறை. எப்போது மணிக்கட்டை மடக்கினால் யாருக்கு என்ன? மாவோஸ் குழு 2019ல் உண்மையான தேர்வைக் கொடுத்துப் பார்த்தது: இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு ஆயிரம் டாலர் போக வேண்டும்? எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் சமமாகப் பணம் போகும் என்றபோது மின்னழுத்தம் வழக்கம்போல் வந்தது. தேர்வுக்கு விளைவு இருந்தபோது அது ஏறக்குறைய காணாமல் போனது. சிகரெட்டை விடுவது இந்த இரண்டில் எந்த வகை என்று நண்பனுக்கே தெரியும்.

இதோடு நிறுத்தினால் பழைய பதிவில் செய்த தப்பையே எதிர்த்திசையில் செய்தவனாவேன். ஷர்கரின் மாதிரி வெளிவந்த பிறகு, "சுயவிருப்பம் காப்பாற்றப்பட்டது" என்ற தொனியிலும் எழுதுகிறார்கள். அதுவும் மிகை. ஒரு மாதிரி தரவோடு பொருந்துவதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. எல்லைக்கோட்டை யார் வைத்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஃப்ரீட் குழு 2011ல், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மின்முனை பொருத்தப்பட்ட நோயாளிகளின் தனித்தனி நியூரான்களிலேயே, உந்துதலுக்கு முந்தைய மாற்றத்தைப் பார்த்தது. அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் பலரும் மேற்கோள் காட்டும் 2008ன் ஸ்கேன் ஆய்வைக் கவனமாகப் படியுங்கள். "பல நொடிகள் முன்பே கணிக்க முடியும்" என்பார்கள். இடதா வலதா என்ற அந்தக் கணிப்பு சரியானது சுமார் 60 சதவீதம். காசைச் சுண்டினாலே 50. என் பழைய பதிவில் இந்த 60ஐ நான் குறிப்பிடவே இல்லை. தெரியாமல் விட்டதில்லை. குறிப்பிட்டால் பதிவின் கனம் குறையும் என்று விட்டேன்.

நண்பனிடம் கடைசியாகச் சொன்னது 2016ன் பெர்லின் ஆய்வு. மின்னழுத்தம் ஏறத் தொடங்கியதைக் கணினி கண்டுபிடித்து உடனே சிவப்பு விளக்கைப் போடும். ஆட்கள் காலை அசைக்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்பு வரை அவர்களால் நிறுத்த முடிந்தது. ஏற்றம் தொடங்கினால் எல்லாம் முடிந்துபோனது என்பதற்கு இடமில்லை. கால் அசைவை வைத்து சிகரெட்டைப் பற்றி எதுவும் நிரூபிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். "அப்போ உன் பதிவை வச்சும் நிரூபிக்க முடியாதுல்ல?" என்றான். முடியாது என்றேன்.

பழைய பதிவை நீக்கவில்லை. அதன் தலையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இதன் முடிவு தவறு. சோதனை காட்டியது, முடிவுக்கு முன் மூளை சும்மா இருப்பதில்லை என்பதை மட்டுமே."