சைகையும் சமூக உறவும்: மக்காற்றன் சொற்றொகுதி பற்றிய ஒரு நோக்கு

மொழி பற்றிய நமது ஆய்வுகள் பேச்சையும் எழுத்தையுமே பெரும்பாலும் எல்லையாகக் கொண்டுள்ளன. அறிவுசார் குறைபாடுடைய மாணவர் பலருக்குப் பேச்சு எளிதிற் கைகூடுவதில்லை. அவர்கட்குச் சைகை கற்பிக்கும் முயற்சி கல்வியியலாளருக்கு மாத்திரமே உரிய விடயமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், எச்சொற்களை யார் எவருக்காகத் தெரிந்தெடுக்கின்றனர் என்பது விமர்சனத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். அவ்வினாவை இங்கிலாந்தில் உருவான மக்காற்றன் முறை தொடர்பாக எழுப்புவதே நமது நோக்கம்.

இம்முறையின் தோற்றத்தை வரலாற்றுச் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். கடுமையான குறைபாடுடைய பிள்ளைகள் பாடசாலைக் கல்விக்குத் தகுதியற்றோர் என இங்கிலாந்தில் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தனர். 1970ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைச் சுகாதாரத் துறையிடமிருந்து கல்வித் துறையிடம் ஒப்படைத்தது. 1971 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 1972-73இல், பேச்சுச் சிகிச்சையாளரான மார்கிரற் வோக்கர், பொற்லீஸ் பார்க் வைத்தியசாலையில் வாழ்ந்த, அறிவுசார் குறைபாடும் செவிப்புலன் இழப்பும் ஒருங்கேயுடைய வளர்ந்தோருக்காக இச்சொற்றொகுதியை வகுத்தார். பின்னரே அது செவிப்புலனுடைய மாணவரிடமும் விசேட பாடசாலைகளிலும் பரவியது.

பிரித்தானியச் சைகைமொழியிலிருந்து சைகைகள் பெறப்பட்டன. அதன் இலக்கணம் பெறப்படவில்லை. ஆசிரியர் வழமைபோற் பேசிக்கொண்டே, வாக்கியத்தின் முக்கிய சொற்களை மாத்திரம் கைகளாற் காட்டுவார். ஏறத்தாழ 450 கருத்துக்கள் படிமுறையாக அமைந்துள்ளன. முதற்படியில் உண்ணல், குடித்தல், உறங்கல் முதலிய அன்றாடத் தேவைகளே மேலோங்கி நிற்கின்றன. சைகை பேச்சைத் தடுக்கும் என்ற அச்சத்தைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. தன் தேவையைச் சொல்ல வழியின்றிச் சினந்து தாக்கிய பிள்ளை, ‘போதும்’ என்று கையாற் சொல்ல இயலுமாயின் அது சிறு சாதனையன்று.

எனினும் இத்தொகுதியை ஒரு பனுவலாக வாசிப்போமாயின், அது வைத்தியசாலை விடுதியிற் பிறந்தது என்பது தெற்றெனப் புலப்படும். பராமரிப்போர் அறியவேண்டியவை முன்னிற்கின்றன. ஒவ்வொரு மாணவரின் வாழ்வுக்கும் ஏற்பச் சொற்களைத் தெரிந்தெடுக்க இம்முறை இடமளிக்கின்றது என்பது உண்மையே. ஆனால், அத்தெரிவைச் செய்பவர் மாணவரல்லர். வேண்டுவதைக் கேட்கக் கற்பிக்கும் வகுப்பு, வேண்டாததை மறுக்கவும், ஏனெனக் கேட்கவும் கற்பிக்கின்றதா என்பதே உரைகல்லாகும். கேட்க மட்டும் கற்ற பிள்ளை பணிவுள்ள பிள்ளையாகலாம்; உரையாடும் மனிதனாதல் அரிது.

குறி தனிமனித மனத்துள் முளைப்பதன்று, மனிதரிடையே தோன்றுவது என 1929இல் வொலோசினோவ் நிறுவினார். குறைபாட்டின் பெருஞ்சுமை உடலிலன்றிச் சமூக உறவுகளின் சிதைவிலேயே உள்ளது என்பது வைகோத்ஸ்கியின் கருத்து. பேச்சையே முதன்மைப்படுத்தி வந்த அவரும், 1930களின் தொடக்கத்திற் செவிப்புலனற்ற பிள்ளைகட்குச் சைகைமொழியும் வேண்டும் என்னும் நிலைப்பாட்டை அடைந்தார். இந்நோக்கிற் பார்க்கும்போது, மாணவருக்கு மாத்திரம் சைகை கற்பிப்பது பாதிப்பணியேயாகும். உணவு பரிமாறுபவரும், வாகனம் ஓட்டுபவரும், பெற்றோரும், சக மாணவரும் அறியாத சைகை வகுப்பறை வாசலிலேயே இறந்துவிடுகின்றது. பின்னர், ‘பிள்ளை மறந்துவிட்டது’ என்று பதிவேட்டில் எழுதப்படுகின்றது. மறந்தது பிள்ளையா, சமூகமா?

பிறிதொரு முரண்பாடும் மனங்கொள்ளத்தக்கது. செவிப்புலனற்ற மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆக்கிய சைகைகளை வேராகக் கொண்ட இம்முறையின் பெயர் இன்று பதிவுசெய்யப்பட்ட வணிகக்குறி; அம்மக்களின் மொழிக்கோ 2022இலேதான் பிரித்தானியச் சட்டத்தின் அங்கீகாரம் கிட்டியது. உழைத்தோர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர் என்னும் நிலை மொழியுலகிற்கும் புறம்பானதன்று.

மக்காற்றன் கைவிடப்பட வேண்டியது என்பது நமது முடிபன்று. அதன் சொற்றொகுதி மாணவரின் விருப்பையும் மறுப்பையும் உள்ளடக்கி விரிதல் வேண்டும். பாடசாலைச் சமூகம் முழுவதும் அதனைக் கற்றல் வேண்டும். அவ்வாறு அமையுமிடத்துத்தான், சைகை பராமரிப்பின் கருவி என்னும் நிலையிலிருந்து மனித உறவின் மொழியாக வளர்ச்சியுறும்.