உறைந்துபோகும் சாளரம்: டிகின்டர் பாடங்கள் சொல்லாமல் விடுவது

பைத்தான் கற்றுக்கொள்ளும் மாணவர் முதன்முதலாக ஒரு சாளரத்தைத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் டிகின்டர் வழியாகத்தான். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போதே அதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது. பத்து வரிகளில் ஒரு சாளரம், ஒரு எழுத்துப்பெட்டி, ஒரு பொத்தான் கிடைக்கும். அடுத்த பாடத்தில் கணிப்பான், அதற்கடுத்து செய்யவேண்டியவை பட்டியல். இணையத்தில் இத்தகைய பாடங்களுக்குப் பஞ்சமில்லை, தமிழிலும் காணொளிகளாகக் கிடைக்கின்றன. பாடத்தில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்தால் எல்லாம் ஓடுகிறது.

மாணவர் தமக்கென ஒன்றைச் சேர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு கோப்பைப் பதிவிறக்க வேண்டும், அல்லது பத்து வினாடி எண்ணிக் காட்ட வேண்டும். பொத்தானை அழுத்தியதும் சாளரம் வெளிறிப்போய், தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வருகிறது. பத்து வினாடி கழித்து எண்ணிக்கையின் கடைசி எண் மட்டும் திடீரென்று தோன்றுகிறது. நிரலில் பிழை எதுவும் காட்டப்படவில்லை. இந்த இடத்தில்தான் பலர் 'எனக்கு நிரலாக்கம் வராது' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவுக்குக் காரணம் மாணவரின் திறமைக்குறைவு அல்ல, பாடம் விட்டுவிட்ட ஒரு செய்தி என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

வரிசை யாருடையது?

முனையத்தில் ஓடும் நிரலில் வரிசை நம்முடையது. நிரல் கேட்கும், பயனர் பதில் தருவார், நிரல் அடுத்த வரிக்குச் செல்லும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் படித்து வருபவருக்குப் பழக்கமானது இந்த வரிசைதான். சாளர நிரலில் வரிசை பயனருடையது. எதை முதலில் அழுத்துவார், எப்போது மூடுவார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே நிரலின் கடைசியில் 'மெயின்லூப்' என்ற ஒரு வரி இருக்கிறது. அது முடிவில்லாமல் சுழன்றபடி 'ஏதாவது நடந்ததா?' என்று பார்க்கும். சுட்டி சொடுக்கு, விசை அழுத்தம், சாளரத்தை மீண்டும் வரைய வேண்டிய தேவை என எல்லாம் அதனிடம்தான் வரும். ஒவ்வொன்றையும் எடுத்து அதற்குரிய செயற்கூற்றை அழைக்கும், அது முடிந்து திரும்பிய பிறகே அடுத்ததை எடுக்கும்.

ரேஷன் கடையில் பில் போடுபவரும் எடை போடுபவரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ, அப்படி. அவர் உள்ளே மூட்டை பிரிக்கப் போய்விட்டால் வரிசையில் நிற்கும் யாருக்கும் பதில் கிடையாது. நமது செயற்கூறு பத்து வினாடி தூங்கினால், அந்தப் பத்து வினாடியும் சாளரத்தை வரையக்கூட ஆளில்லை. விண்டோஸ் சுமார் 5 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தச் சாளரம் செயலற்றுவிட்டது என்று அறிவிக்கிறது.

இவ்வளவுதான் விளக்கம். இரண்டு பத்தி. ஆனால் பெரும்பாலான பாடங்களில் 'மெயின்லூப்' பற்றி இருப்பது ஒரே வாக்கியம்: 'கடைசியில் இந்த வரியை மறக்காமல் போடுங்கள், போடாவிட்டால் சாளரம் தெரியாது.' இது பொய்யல்ல, ஆனால் மந்திரம் சொல்லிக்கொடுப்பது போன்றது.

வேறொரு தொடக்கநிலைச் சிக்கலும் இதே வேரிலிருந்து முளைப்பதுதான். எழுத்துப்பெட்டியை உருவாக்கிய அடுத்த வரியிலேயே அதிலுள்ள எழுத்தைப் படித்து ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறார் மாணவர். பின்னர் பொத்தானை அழுத்தினால் எப்போதும் வெற்றுச் சரமே வருகிறது. அந்த வரி ஓடியபோது பயனர் எதையும் எழுதியிருக்கவில்லை, சாளரமே இன்னும் தோன்றியிருக்கவில்லை. படிக்கும் வரியைப் பொத்தானுக்குரிய செயற்கூற்றின் உள்ளே நகர்த்தினால் சரியாகும்.

பரவலாகத் தரப்படும் மருந்து

உறைந்த சாளரத்துக்கு மாணவர் தேடிக் கண்டுபிடிக்கும் முதல் பதில் 'சுழற்சிக்குள் அப்டேட் என்பதை அழையுங்கள்' என்பது. செய்து பார்த்தால் உடனே பலன் தெரியும், எண்கள் ஒவ்வொன்றாக வரும். நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் 'அப்டேட்' செய்வது என்ன? நமது செயற்கூறு பாதியில் நிற்கும்போதே காத்திருக்கும் நிகழ்வுகளை எல்லாம் எடுத்து நடத்திவிடுகிறது. அவற்றில் அதே பொத்தானின் இன்னொரு சொடுக்கும் இருக்கலாம். எண்ணிக்கை 3-இல் இருக்கும்போது மறுபடி அழுத்திப் பாருங்கள். புதிதாக 1 முதல் 10 வரை முழுவதும் எண்ணி முடித்துவிட்டு, பிறகு 4-க்குத் திரும்பி வரும். பாதியில் சாளரத்தை மூடினால், இல்லாத சாளரத்தில் எழுத முயன்று பிழை வரும். எண்ணிக்கையில் இது வேடிக்கை. கடைக்கணக்கு நிரலில் ஒரே பில் இருமுறை பதிவானால் வேடிக்கை அல்ல.

இந்த மருந்து புதியதும் அல்ல. விசுவல் பேசிக் காலத்தில் 'டூஈவன்ட்ஸ்' என்ற பெயரில் இதே அறிவுரை இதே பின்விளைவுகளோடு வழங்கப்பட்டது, டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் வரை தொடர்ந்தது. கருவிகள் மாறினாலும் அறிவுரை மட்டும் மாறவில்லை. நியாயமாகச் சொன்னால், 1991-இல் வந்த விசுவல் பேசிக் ஒரு விதத்தில் இன்றைய பாடங்களைவிட நல்ல ஆசிரியர். பொத்தானை இருமுறை சொடுக்கினால், அந்தச் சொடுக்குக்குரிய வெற்றுச் செயல்முறை ஒன்று திறக்கும். 'இது அழுத்தப்படும்போது என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்விதான் மாணவர் சந்தித்த முதல் விஷயம். டிகின்டர் பாடங்களில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

சரியான வழி, வேலையைத் துண்டுகளாக்கி 'ஆஃப்டர்' என்பதிடம் ஒப்படைப்பது. எண்ணைக் காட்டு, பத்தை எட்டவில்லை என்றால் 1000 மில்லிவினாடி கழித்து அடுத்த எண்ணோடு என்னை மீண்டும் அழை என்று சொல்லிவிட்டுச் செயற்கூறு உடனே திரும்பிவிட வேண்டும். இடைப்பட்ட நேரம் முழுவதும் 'மெயின்லூப்' ஓய்வாக இருக்கும். வேலை முடியும்வரை பொத்தானை முடக்கி வைத்தால் இரட்டைச் சொடுக்குத் தொல்லையும் இல்லை.

பதிவிறக்கம் போல் துண்டாக்க முடியாத வேலைக்குத் தனி இழை தேவை. இங்கும் பல பாடங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. இழையைத் தொடங்கி, அதன் உள்ளிருந்தே முகப்புச்சீட்டின் எழுத்தை மாற்றச் சொல்லிக்கொடுக்கின்றன. அது சில நேரம் ஓடும், சில நேரம் 'முதன்மை இழை மெயின்லூப்பில் இல்லை' என்ற பிழையோடு விழும். சில நேரம் மட்டும் வரும் பிழையைவிடத் தொடக்கநிலையாளரைக் குழப்புவது வேறில்லை. இழை தன் முடிவை 'கியூ' ஒன்றில் போடட்டும். முதன்மை நிரல் 'ஆஃப்டர்' மூலம் 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை அந்தக் கியூவைப் பார்த்துச் சாளரத்தைத் திருத்தட்டும். நான்கைந்து வரி கூடும், அவ்வளவே.

ஓர் அடைப்புக்குறியின் கதை

காரணம் சொல்லாத தீர்வு அடுத்த சிக்கலை எப்படிப் பெறுகிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு பொத்தானின் 'கமாண்ட்'. சேமி என்ற செயற்கூற்றை எழுதிவிட்டு, கமாண்டுக்கு எதிரே 'சேமி()' என்று எழுதுகிறார் மாணவர். (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.) நிரலைத் தொடங்கியதும் யாரும் அழுத்தாமலே கோப்பு சேமிக்கப்படுகிறது. பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. 'அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள்' என்பது வழக்கமான பதில். எடுத்தால் சரியாகிறது.

ஏன் சரியானது? 'சேமி' என்பது செயற்கூற்றின் பெயர், 'சேமி()' என்பது அதை இப்போதே நடத்து என்ற கட்டளை. பொத்தானுக்குத் தரவேண்டியது பெயர். அடைப்புக்குறியோடு எழுதும்போது அந்த நொடியே வேலை நடந்து, அதன் விடையான வெறுமை பொத்தானுக்குப் போகிறது. இதை விளங்கிக்கொள்ளாத மாணவர் மறுநாள் 'ஆஃப்டர்' எழுதும்போது அதே தவற்றைச் செய்வார். அங்கே விளைவு வேறு மாதிரி இருக்கும். செயற்கூறு உடனே நடந்துவிடும், அதன்பின் டிகின்டர் 'நேரம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள்' என்று எடுத்துக்கொண்டு அந்த ஒரு வினாடியும் சாளரத்தை உறைய வைக்கும். அறிகுறி வேறாக இருப்பதால் இது அதே நோய் என்று அவருக்குத் தெரியாது, மீண்டும் தேடப் போவார்.

அடுத்த நாள் கணிப்பான். பத்து எண் பொத்தான்களைச் சுழற்சியில் உருவாக்க வேண்டும், ஒவ்வொன்றும் தன் எண்ணை அனுப்ப வேண்டும். அடைப்புக்குறி கூடாது என்று மட்டுமே அறிந்தவர் எண்ணை எப்படி அனுப்புவார்? 'லாம்டா போடுங்கள்' என்கிறது ஒரு பதில். போட்டால் பத்துப் பொத்தான்களும் 9 என்றே காட்டுகின்றன. லாம்டா மாறியின் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது, மதிப்பை அல்ல. அழுத்தும் நேரத்தில் சுழற்சி முடிந்து மாறியில் 9 இருக்கிறது. லாம்டாவுக்கே 'எண்=எண்' என்று இயல்பு மதிப்பு ஒன்றைக் கொடுத்தால், உருவாகும் கணத்தில் இருந்த மதிப்பு அதனோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள், மூன்று தேடல், மூன்று தீர்வு. 'இப்போது நடப்பது எது, பிறகு நடப்பது எது' என்ற ஒரே கேள்வியை முதல் நாளே கற்றிருந்தால் மூன்றையும் அவரே தீர்த்திருப்பார்.

காணாமல் போகும் படம்

செயற்கூற்றுக்குள் ஒரு படத்தைத் திறந்து முகப்புச்சீட்டில் வைத்தால் இடம் மட்டும் காலியாகத் தெரியும், படம் இருக்காது. அதே வரிகளைச் செயற்கூற்றுக்கு வெளியே எழுதினால் படம் வரும். 'முகப்புச்சீட்டின் பண்பாகப் படத்தைச் சேமித்து வையுங்கள், டிகின்டரில் அப்படி ஒரு கோளாறு' என்று கடந்துபோகும் பாடங்கள் உண்டு.

இதைப் புரிந்துகொள்ள டிகின்டரின் பிறப்பைச் சற்று அறிய வேண்டும். ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லியில் உருவாக்கிய டிசிஎல் என்ற மொழிக்காக எழுந்தது டிகே கருவிப்பெட்டி. டிகின்டர் அதற்கும் பைத்தானுக்கும் இடையிலுள்ள பாலம். நமது பொத்தான் டிகே உலகில் வாழ்கிறது, நமது மாறிகள் பைத்தான் உலகில். முகப்புச்சீட்டுக்குத் தெரிவது படத்தின் பெயர் மட்டுமே. செயற்கூறு முடிந்ததும் உள்மாறிகள் மறையும். படத்தைச் சுட்டும் மாறி வேறெங்கும் இல்லாததால் பைத்தான் அந்தப் பொருளை அழிக்கிறது, போகும்போது அது டிகே பக்கமிருந்த படத்தையும் அழித்துவிடுகிறது. படத்தை எங்காவது பிடித்துவைத்தால் போதும். கோளாறு என்று சொல்வதைவிட இரண்டு உலகங்களின் எல்லைத் தகராறு என்று சொல்வது பொருந்தும்.

சிறு தடுக்கல்கள் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். எழுத்துப்பெட்டியை உருவாக்கும் வரியிலேயே 'பேக்' என்பதையும் ஒட்டி எழுதி மாறியில் வைத்தால், மாறியில் பெட்டி இருக்காது, வெறுமைதான் இருக்கும். இரண்டு வரியாக எழுத வேண்டும். ஒரே சட்டகத்துக்குள் 'பேக்', 'கிரிட்' இரண்டையும் கலக்கக் கூடாது. இப்போது பிழைச்செய்தி வருகிறது, பழைய பதிப்புகளில் நிரல் அப்படியே நின்றுவிடும். பயிற்சிக் கோப்புக்கு டிகின்டர் என்றே பெயர் வைத்தால் பைத்தான் அந்தக் கோப்பைத்தான் நூலகம் என்று எண்ணி இறக்கும். நட்சத்திரக்குறி போட்டு எல்லாவற்றையும் இறக்கினால் படங்களுக்கான பில்லோ நூலகத்தின் 'இமேஜ்' என்ற பெயரை டிகின்டரின் அதே பெயர் மூடிவிடும். இந்த நட்சத்திரக்குறிப் பழக்கத்தைப் பாடங்கள் இன்னும் விடாமல் பிடித்திருப்பது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. மிச்சமாவது சில தட்டச்சுகள்.

பிழையை மறைக்கும் பாடம்

டிகின்டரில் பொத்தானுக்குரிய செயற்கூற்றில் பிழை நேர்ந்தால் நிரல் நின்றுவிடாது. பிழைச்செய்தி முனையத்தில் அச்சாகும், சாளரம் வழக்கம்போல் தொடரும். முனையம் இல்லாமல் இயக்கினால் செய்தியைப் பார்க்கவே வழியில்லை. 'பொத்தான் வேலை செய்யவில்லை, பிழையும் வரவில்லை' என்று வருபவரிடம் நான் முதலில் சொல்வது, முனையத்திலிருந்து இயக்கிப் பாருங்கள் என்பதுதான். பாதிச் சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறானது பிழையை விழுங்கக் கற்பிப்பது. தமிழில் எழுதும் மாணவருக்கு இதில் தனி ஆபத்து உண்டு. குறிப்பேடு நிரல் ஒன்றை எழுதி, தமிழ் உரையைச் சேமிக்க முயல்கிறார். குறிமுறையைக் குறிப்பிடாமல் கோப்பைத் திறந்தால், விண்டோஸில் பைத்தான் கணினியின் வட்டாரக் குறிமுறையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதில் தமிழுக்கு இடமில்லை என்றால் பிழை எழும். 'பிழைகளைப் புறக்கணி என்ற விருப்பத்தைச் சேருங்கள்' என்று ஒரு பதில் கிடைக்கிறது. சேர்த்தால் பிழை போய்விடும், கூடவே தமிழ் எழுத்துகளும் போய்விடும். ஒரு மாணவி தம் பாட்டியின் சமையல் குறிப்புகளை இப்படிச் சேமித்து, மறுநாள் திறந்தபோது அளவுகளின் எண்களும் காற்புள்ளிகளும் மட்டும் இருந்ததைக் காட்டினார். பிழைச்செய்தி அவரைக் காப்பாற்ற வந்தது. அறிவுரைதான் அதன் வாயை அடைத்தது. கோப்பைத் திறக்கும் வரியில் குறிமுறை யூடிஎஃப்-8 என்று சேர்த்திருந்தால் போதும்.

எழுத்தெண்ணிக்கையிலும் இப்படி ஒரு திகைப்பு உண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறிகளை அது எண்ணுகிறது. எழுத்துகளை எண்ண வேண்டுமானால் துணைக்குறிகளை முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ண நாமே ஒரு சிறு செயற்கூறு எழுத வேண்டும்.

மாணவரின் கையில் இல்லாத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. லினக்சில் டிகே 8.6 தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்குரிய வடிவமைப்பைச் செய்வதில்லை. 'கொ' என்பதில் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமையாமல் சிதறித் தெரியும். விண்டோஸில் இயங்குதளமே அதைக் கவனித்துக்கொள்வதால் அதே நிரல் அங்கே ஒழுங்காகத் தெரியும். இதை அறியாமல் எழுத்துருக்களை மாற்றி மாற்றி நாட்களைக் கழிப்பவர்கள் உண்டு. லினக்சில் தமிழ் உரையை மையமாகக் கொண்ட நிரல் எழுத விரும்புவோர் தொடக்கத்திலேயே கியூட்டி அல்லது ஜிடிகே பக்கம் செல்வது நல்லது. நிகழ்வுச் சுழற்சி அங்கேயும் இதேதான், எனவே இங்கே கற்றது வீணாகாது.