எண்ணெயும் மருத்துவச்சியும்: செயின்ட் கில்டா நூல்களை வாசித்தல்

செயின்ட் கில்டா பற்றி ஒரு சிறு நூலகமே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் அப்பால், அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அட்லாண்டிக்கில் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. மக்கள் வாழ்ந்தது ஹிர்ட்டா என்ற ஒரே தீவில்தான். 1930 ஆகஸ்ட் 29 அன்று, எஞ்சியிருந்த 36 பேரும் கப்பலேறியதோடு அந்த வாழ்வு முடிந்தது. 1697இல் போய்வந்து எழுதிய மார்ட்டின் மார்ட்டின் தொடங்கி 1965இல் நூல் வெளியிட்ட டாம் ஸ்டீல் வரை, பேர்பெற்ற நூல்களை எழுதியவர்கள் ஆண்கள். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவை பிடித்த ஆண்களைக் கண்டு மயங்காத ஆசிரியர் இவர்களில் அரிது. எந்தப் பறவையின் இறகு எதற்கு, கொழுப்பு எதற்கு, எண்ணெய் எதற்கு என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். அதே நூல்களில் பிள்ளைப்பேறு ஒரு துணைத் தலைப்பு. சிலவற்றில் அதுவும் இல்லை.

இத்தனைக்கும் அந்தத் தீவில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பச்சிளம் பருவத்திலேயே இறந்தன. தீவார் அதை எட்டு நாள் நோய் என்றார்கள். நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்த குழந்தை நாலாம் ஐந்தாம் நாள் முலைக்காம்பைப் பற்ற முடியாமல் விடும். தாடை இறுகும். உடல் வில்லாக வளையும். எட்டாம் நாளையொட்டி முடிந்துவிடும். 1764இல் கென்னத் மெக்காலே என்ற பாதிரியார் தம் நூலில் இதை அடையாளம் காணக்கூடிய அளவுக்கு விவரித்துவிட்டார். ரணஜன்னி. வெட்டிய தொப்புள்கொடியின் வழியே கிருமி உள்ளே போவதால் வருவது. குழந்தை பால் குடிக்கவில்லை என்பதை முதலில் அறிவது தாயின் மார்பு. பால் கட்டிக்கொண்டு நெறிகட்டிய அந்த மார்பைப் பற்றி, நான் வாசித்த இந்த ஆசிரியர்கள் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

நோய்க்கு நூல்கள் தரும் காரணம் கதையாகவே நிலைத்துவிட்டது. கேலிக் மொழியில் மருத்துவச்சிக்கு 'முழங்கால் பெண்' என்று பெயர். அவர் ஃபுல்மர் என்ற கடற்பறவையின் எண்ணெயை, இன்னொரு பறவையின் உலர்ந்த இரைப்பையில் சேமித்துவைத்து, வெட்டிய தொப்புளில் தடவினாராம். அந்த அழுக்கு எண்ணெயில் மரணம் இருந்ததாம். 1889இல் ஆங்கஸ் ஃபிட்ஸ் என்ற பாதிரியார் தீவுக்கு வருகிறார். கிளாஸ்கோ போய் நுண்கிருமி நீக்கும் பேறுகால முறைகளைக் கற்றுவந்து செயல்படுத்துகிறார். 1891க்குப் பிறகு அந்த நோயால் குழந்தை இறக்கவில்லை. அறியாமையில் ஊறிய கிழவி, அறிவோடு வந்த ஆண் என்று கதை கச்சிதமாக அமைந்துவிடுகிறது.

ஃபிட்ஸ் செய்தது பெரிய காரியம், அதைக் குறைக்க எனக்கு மனமில்லை. என் சண்டை கதையின் அமைப்போடு. எண்ணெய்தான் காரணம் என்பது ஊகம். பிற்கால மருத்துவ ஆய்வாளர்களே அதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மார்ட்டின் காலத்திலேயே தீவார் ஃபுல்மர் எண்ணெயை மருந்தாகப் போற்றினார்கள், அதை அவரே எழுதுகிறார். ஆனால் அவர் நூலில் இந்த நோய் பற்றிய பேச்சே இல்லை. கிருமி வாழ்வது மண்ணிலும் சாணத்திலும். தீவின் பழைய வீடுகளில் குளிர்காலம் முழுக்க மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்; தரையில் சேர்ந்த எருவை வசந்தத்தில்தான் வெட்டி வயலுக்கு எடுத்தார்கள். கத்தி, துணி, கை, தரை என்று எதிலும் அது இருந்திருக்கலாம். நூல்கள் இத்தனையிலும் எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் என்றால் தடவிய கை ஒன்று உண்டு, அந்தக் கை ஒரு பெண்ணுடையது.

ஆண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ரணஜன்னிக் கிருமியை கிட்டசாட்டோ பெர்லினில் தனியே பிரித்தெடுத்தது 1889இல், அதாவது ஃபிட்ஸ் தீவில் காலடி வைத்த அதே ஆண்டு. உலகின் எந்தப் பேராசிரியருக்கும் கைக்கு எட்டாதிருந்த அறிவு ஹிர்ட்டாவின் முதியவளுக்கு இல்லை என்று குற்றம் சாட்டுகிறோம். இன்னொன்று: லிஸ்டர் கிளாஸ்கோவில் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காத்து, அதை எழுதி வெளியிட்டது 1867இல். ஆண்டுதோறும் நிலவுடைமையாளரின் ஆள் படகில் வந்து வாடகையாக இறகும், நெய்த துணியும், இதே ஃபுல்மர் எண்ணெயும் அள்ளிப்போனார். எண்ணெய் வெளியே போக வழி இருந்தது. கார்பாலிக் அமிலம் உள்ளே வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்தத் தாமதத்துக்கு நூல்களில் குற்றவாளி கிடையாது.

இதை முதுகலை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அப்படியானால் மருத்துவச்சி நிரபராதி, அப்படித்தானே மேம்?" என்று கேட்டார். இல்லை. நம் பெண்ணிய வாசிப்புகளில் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தருவதும் இதுதான்: பழைய மருத்துவச்சி என்றாலே மூலிகையும் ஞானமும் கலந்த தேவதையாக்கிவிடுகிறோம். எண்ணெயோ கத்தியோ, அவர் கையைத் தாண்டித்தான் அது குழந்தையிடம் போயிருக்கும். சுத்தமான கத்தியும் சுத்தமான கட்டும் வந்ததும் மரணம் நின்றது. செத்தவை குழந்தைகள். ஒருவரைக் குற்றவாளியாக்காமல் இருப்பது வேறு, நடந்ததை மழுப்புவது வேறு. அவரும் பிள்ளை பெற்றவராக இருந்திருக்கலாம், அதே எட்டு நாட்களை எண்ணியவராக இருந்திருக்கலாம். எந்த நூலும் அவர் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதவில்லை என்பதால் 'கலாம்' போட்டே எழுதவேண்டியிருக்கிறது.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே வெஸ்ட்மன் தீவுகளிலும் இதே நோய் இருந்தது. 1847இல் டென்மார்க் அரசு ஷ்லைஸ்னர் என்ற மருத்துவரை அனுப்பியது. அவர் பேறுகால இல்லம் ஒன்றை அமைத்தார், மரணம் குறைந்தது. அங்கேயும் அவர்தான் நாயகன். ஆனால் கோபன்ஹேகன் போய்ப் பயின்று திரும்பிய மருத்துவச்சி சோல்வெய்க் பால்ஸ்டோட்டிரின் பெயர் அங்கே பிழைத்திருக்கிறது. ஐஸ்லாந்து மொழியில் மருத்துவச்சிக்குச் சொல் 'ஒளித்தாய்'. 2013இல் அந்நாட்டு மக்கள் தம் மொழியின் மிக அழகான சொல்லாக அதைத்தான் தேர்ந்தார்கள். முழங்கால் பெண், ஒளித்தாய், மருத்துவச்சி: மூன்றில் நம்முடையதுதான் மருத்துவம் என்ற தொழிலை நேராகச் சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு, சாதியின் பேரால் அவரைக் கொல்லைப்புறமாக வரச்சொன்னவர்களும் நாமே. பாதிரியார் 'வந்தார்', மருத்துவச்சி 'தடவினாள்' என்று எழுத நம் வினைமுற்றுகள் எப்போதும் தயாராக இருக்கின்றன.

மைக்கேல் பவலின் 'தி எட்ஜ் ஆஃப் தி வேர்ல்ட்' (1937) செயின்ட் கில்டா கைவிடப்பட்டதை அடியொற்றி, ஃபவுலா தீவில் எடுத்த படம். அதிலும் ஒரு கைக்குழந்தை சாகக் கிடக்கிறது. நோய் டிப்தீரியா. குழந்தையின் தந்தை புயலில் மீன்பிடிக் கப்பலோடு வந்து தாயையும் பிள்ளையையும் மீட்டுப்போகிறான். படம் அழகுதான், கடலை அப்படி எடுத்தவர்கள் குறைவு. ஆனால் திரைக்கு வேண்டியிருந்தது ஆண் புயலைக் கிழித்து வந்து காப்பாற்றக்கூடிய ஒரு நோய். எட்டு நாளில் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகும் நோயில் அவனுக்கு வேலை இல்லை.

தீவு கைவிடப்பட்டதற்கு உடனடிக் காரணமாக எல்லோரும் சொல்வது மேரி கில்லீஸ் என்ற இளம்பெண்ணின் மரணம். 1930 ஜனவரியில் நோயுற்ற அவரைக் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள், மருத்துவமனையில் இறந்தார். மே மாதம் தீவார் அரசுக்கு மனு எழுதினார்கள். தங்களைக் கொண்டுபோகச் சொல்லி அவர்களை ஊக்கியவர்களில் முக்கியமானவர் தீவின் செவிலியர் வில்லியமினா பார்க்லே. மேரி இறந்தது குடல்வால் அழற்சியால் என்றே அறுபது ஆண்டுகள் நம்பப்பட்டது. 1991இல்தான், தாயை இழந்தபோது ஐந்து வயது நிரம்பாதிருந்த மகனுக்கு உண்மை தெரியவந்தது. மேரி ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்த பிறகு இறந்திருக்கிறார். குழந்தையும் பிழைக்கவில்லை. அதற்கு ஆனி என்று பெயர் வைத்திருந்தார்கள்.