எழுதும் உரிமை எந்த ஜாபுக்கு?

2025 ஆகஸ்டில் என்எக்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தைத் தாக்கியவர்களுக்கு வழிவிட்டது, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடிய மிகச் சிறிய ஓர் ஒர்க்ஃப்ளோ. புல் ரிக்வெஸ்டின் தலைப்பு முறைப்படி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அதற்குப் படிக்கும் உரிமையே தாராளம். அதன் கையில் இருந்த கிட்ஹப் டோக்கனுக்கோ எழுதும் உரிமையும் இருந்தது. தலைப்புக்குள் ஷெல் கட்டளையைப் புகுத்தியவர்கள், அந்த டோக்கனைக் கொண்டே வெளியீட்டு ஒர்க்ஃப்ளோவை ஓடவைத்து என்பிஎம் டோக்கனைத் திருடினார்கள். கெட்ட பதிப்புகள் வெளியாயின. கட்டளை புகுந்தது ஒரு பிழை. புகுந்தபின் இவ்வளவு தூரம் போக முடிந்தது வேறு பிழை. பின்னதைத் தடுக்க ஒர்க்ஃப்ளோ கோப்பில் பெர்மிஷன்ஸ் என்ற பகுதி 2021 முதலே இருக்கிறது.

அதன் அமைப்பு நன்றாகவே யோசிக்கப்பட்டது. ஒரே ஓர் உரிமையைக் குறிப்பிட்டாலும் குறிப்பிடாதவை ஏறக்குறைய எல்லாம் தாமாக மூடிக்கொள்ளும். 2023 பிப்ரவரியில் புதிய நிறுவனக் கணக்குகளுக்கும் தனிநபர்களின் புதிய களஞ்சியங்களுக்கும் படிக்கும் உரிமையே இயல்புநிலை என்று கிட்ஹப் மாற்றியது; பழையவற்றைத் தொடவில்லை. ஓடிக்கொண்டிருப்பவை உடையும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் உலகம் அதிகம் சார்ந்திருப்பது பழைய திட்டங்களைத்தான். காலக்கெடு அறிவித்து அவற்றையும் மாற்றியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தப் பகுதி காக்காத இடத்தையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸின் சேஞ்ச்ட்-ஃபைல்ஸ் என்ற ஆக்‌ஷன் கைப்பற்றப்பட்டது. 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் அதைப் பயன்படுத்தி வந்தன. ஜாபை ஓட்டும் ரன்னரின் நினைவகத்திலிருந்த ரகசியங்களை அது லாகில் கொட்டியது. கிட்ஹப் டோக்கன் ஜாப் முடிந்ததும் செத்துவிடும். சேமித்து வைத்த கிளவுட் சாவியும் என்பிஎம் டோக்கனும் அப்படியல்ல, ஜாப் முடிந்த பின்னும் செல்லும். பெர்மிஷன்ஸ் பகுதியில் எதை எழுதினாலும் அவற்றுக்குக் காவல் இல்லை.

ஆகவே குறைந்தபட்ச உரிமை கட்டாயம். ஆனால் அதை எழுதிவிட்டதாலேயே ஒரு களஞ்சியம் பத்திரமானது என்று சான்று தருவது தவறு. நான் காணும் பெரிய கோளாறு, ஒரு ஜாபுக்கு எழுதும் உரிமை தேவை என்பதற்காக அதைக் கோப்பின் தலையிலேயே எழுதிவைப்பது. அப்போது டெஸ்ட், லின்ட் எல்லாவற்றுக்கும் அது கிடைத்துவிடுகிறது. தலையில் வெற்று அடைப்புக்குறி போதும். ஜாப் ஒவ்வொன்றுக்கும் அதற்குரியதை மட்டும் கொடுக்கலாம். வெளியிடும் ஜாபைத் தனியே பிரித்து, அதில் பிறர் எழுதிய ஆக்‌ஷன்களைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதவற்றை டேக் பெயரால் அழைக்காமல், முழு கமிட் ஹேஷால் அழைக்க வேண்டும். சேஞ்ச்ட்-ஃபைல்ஸில் தாக்கியவர்கள் திருப்பிவிட்டது டேக்குகளைத்தான்.