துயரும் மெட்டும்

துக்கத்தைப் பாடும் பாட்டில் மனிதன் சுகம் காண்பது புதிய செய்தியன்று; ஆனால் அந்தத் துக்கம் செவியை விட்டு அகலாத மெட்டாகவும் அமைந்து, பாட்டு முடிந்து நெடுநேரம் கழித்தும் நாவில் தானே வந்து நிற்குமானால், அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கம் உள்ளத்தை என்ன செய்கிறது என்பது ஆராயத்தக்க விஷயம். இங்கிலாந்தைச் சேர்ந்த 'தி க்யூர்' என்னும் ராக் இசைக்குழு 1989-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட 'டிஸின்டக்ரேஷன்' என்ற ஆல்பம் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. ஆல்டர்நேட்டிவ் ராக் என்ற வகையில் அதைவிட இருண்ட ஆல்பங்கள் உண்டு. அதைவிட இனிய மெட்டுக்கள் கொண்டவையும் உண்டு. இருளும் இனிமையும் இத்துணை நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதை வேறொன்றில் நான் கேட்டதில்லை.

குழுவின் தலைவரும் பாடகருமான ராபர்ட் ஸ்மித், லண்டனுக்குத் தெற்கே உள்ள கிராலி நகரில் வளர்ந்தவர். 1982-இல் வெளிவந்த 'போர்னோகிராஃபி' என்ற ஆல்பத்தில் இளைப்பாற இடமற்ற இருட்டைக் காட்டிய அவர், அதன்பின் சில ஆண்டுகள் துள்ளலான பாட்டுக்களால் ஜனங்களின் பெரும் அபிமானத்தைப் பெற்றார். முப்பது வயது நெருங்கியபோது, நிலைத்து நிற்கும் படைப்பு ஒன்றை அதற்குள் செய்து முடித்துவிட வேண்டுமே என்ற கவலை அவரைப் பற்றிக்கொண்டது. பள்ளிப் பருவம் முதல் உடனிருந்த லால் டோல்ஹர்ஸ்ட் மதுப்பழக்கத்தின் காரணமாகக் குழுவை விட்டு விலக்கப்பட நேர்ந்ததும் அக்காலத்திலேதான். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஹுக்எண்ட் ஸ்டூடியோவில் டேவிட் ஆலனோடு சேர்ந்து ஸ்மித் தயாரித்த இந்த ஆல்பத்தில், இருட்டில் பழகிய கையும் மெட்டில் பழகிய கையும் ஒருங்கே வேலை செய்திருக்கின்றன.

முதற்பாட்டான 'பிளெயின்சாங்', காற்றில் அசையும் சிறுமணிகளின் ஓசையில் தொடங்கி, திடீரென்று ஸிந்தஸைஸரின் பெருமுழக்கமாக எழுந்து, இரண்டு நிமிடங்களுக்கும் மேலாக அப்படியே விரிந்த பின்னர்தான் மனிதக் குரலுக்கு இடம் விடுகிறது. ஏழு நிமிடங்களுக்கும் மேல் நீளும் 'பிக்சர்ஸ் ஆஃப் யூ' என்ற அடுத்த பாட்டிலும் ஸ்மித்தின் குரலுக்காக ஏறக்குறைய இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். பல்லவிக்கு முன் ராக ஆலாபனை மனத்தைப் பக்குவப்படுத்துவது போல, இந்த நீண்ட முகவுரைகள் கேட்பவனின் அவசரத்தைத் தணித்துவிடுகின்றன. இதற்கிடையில் மெட்டு பாடகரை எதிர்பார்த்து நிற்பதுமில்லை. சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் அதனை ஏற்கெனவே நம் செவியில் விதைத்துவிடுகிறது. 'ஃபேசினேஷன் ஸ்ட்ரீட்' பாட்டை நினைத்தவுடன் நினைவுக்கு வருவது அதன் சொற்கள் அல்ல, அந்தப் பேஸ் வரிதான். எளிய சிறு சொற்கட்டு போன்ற ஒரு ஸ்வர வரிசை மாறாமல் சுழல, அதன்மேல் கிட்டாரும் கீபோர்டும் அடுக்கடுக்காக ஏறுகின்றன. போரிஸ் வில்லியம்ஸின் டிரம் அவசரமின்றி லயத்தைக் காக்கிறது. செவியைக் கவர்வது இங்கே புதுமையன்று, மீண்டும் மீண்டும் வருதல். துக்கத்தின் சுபாவமும் அதுவேயன்றோ? இழந்ததொன்றை நினைக்கும் மனம் வேறெங்கும் செல்லாமல் அதே இடத்தைச் சுற்றுகிறது. ஆதலால் இந்த ஆல்பத்தில் மெட்டின் கவர்ச்சி சோகத்துக்குப் பூசிய மேற்பூச்சன்று. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதே என் துணிபு.

நான்காவதாக வரும் 'லவ்சாங்' இதற்குச் சிறந்த சான்று. 1988-இல் நடந்த தமது திருமணத்தை ஒட்டி மனைவிக்குப் பரிசாக ஸ்மித் எழுதிய இந்த மூன்றரை நிமிடப் பாட்டு, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றது. தனியே கேட்டால் இதமான ஒரு காதற்பாட்டு; இழப்பையும் முதுமையையும் பற்றிய மூன்று பாட்டுக்களுக்குப் பின் கேட்கும்போதோ, எல்லாம் கைநழுவிப் போவதைக் கண்டு நடுங்கும் ஒருவன் பற்றிக்கொள்ளும் சத்தியமாக அது ஒலிக்கிறது. பாடகி அடெல் 2011-இல் வெளிவந்த தமது ஆல்பத்தில் இதை மிருதுவாகப் பாடியிருக்கிறார். குரல்வளம் அவருக்கே மிகுதி என்றாலும், அந்த நடுக்கம் அங்கே இல்லை.

குறைகளும் அதே வேரிலிருந்தே முளைக்கின்றன. இசைத்தட்டில் பத்துப் பாட்டுக்களாக வெளிவந்த இந்த ஆல்பம், காம்பாக்ட் டிஸ்க்கில் பன்னிரண்டாகி, எழுபத்திரண்டு நிமிடங்களுக்கு நீண்டது; கூடுதலாகச் சேர்ந்த 'லாஸ்ட் டான்ஸ்', 'ஹோம்சிக்' இரண்டும் அழகற்றவை அல்லவென்றாலும், முன்பே சொன்னதை மறுபடி சொல்பவை. பிற்பகுதியில் ஒன்பது நிமிடங்களைக் கடக்கும் 'தி சேம் டீப் வாட்டர் ஆஸ் யூ', இடியும் மழையும் சூழ அற்புதமாகத் தொடங்கிய போதிலும், பாதிக்கு மேல் ஒரே நிலையில் நின்றுவிடுகிறது. இதைவிடப் பெரிய குறை பாட்டுக்களின் சொற்களில் உள்ளது: காதலி எங்கும் நினைவாகவும் நிழலாகவும் வருகிறாளேயன்றி, தனக்கென மனமும் வாக்கும் உடைய ஒருத்தியாக எங்குமே வருவதில்லை. மெட்டு இத்துணை இனிதாக இருப்பதனால் கேட்பவன் இதைக் கவனிப்பதில்லை. தன் சொந்தத் துக்கத்தையும் அதே தன்மோகத்தோடு அணைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறான். இளம் பருவத்தினர் இதை இரவுதோறும் ஹெட்ஃபோனில் கேட்டுக் கிடப்பதில் எனக்குள்ள அச்சம் இதுவே. இருளுக்கு நான் அஞ்சவில்லை, அது சுகமாகிப் போவதற்கே அஞ்சுகிறேன்.

ஆயினும் இதற்கு மாற்றாக, வானொலிக்கென முகவுரை வெட்டப்பட்ட ஒற்றைப் பாட்டுக்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காத்திருத்தலை நீக்கிவிட்டால் எஞ்சுவது மெட்டு மட்டுமே. 2002-இல் பெர்லினிலும், 2019-இல் சிட்னி ஓபரா ஹவுஸிலும் இதே குழுவினர் இந்த ஆல்பத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை வரிசை பிறழாமல் மேடையில் வாசித்தார்கள். உரத்த ஒலியில் கேட்க வேண்டும் என்று ஆல்பத்தின் உறையிலேயே குறிப்பும் அச்சிட்டிருந்தார்கள். அதற்கு இணங்கி, ஹெட்ஃபோனை விலக்கி, அறை நிறைய ஒலிக்கவிட்டு, இயலுமானால் இன்னொருவரையும் அருகில் இருத்திக்கொண்டு, பன்னிரண்டு பாட்டுக்களையும் ஒரே அமர்வில் கேட்பது நன்று. கேட்டு முடித்தபின் சில வாரங்களேனும் அதைத் தொடாமல் விட்டுவைப்பது அதனினும் நன்று.