பெறப்பட்டது என்றொரு வினைச்சொல்

அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களை நான் இலக்கியம்போலத்தான் வாசிக்கிறேன். ஒரு பொருளுக்கு நாலு வரி: பெயர், காலம், உலோகம், உயரம். கடைசியில் ஒரு வினைச்சொல். தமிழில் சொன்னால், 'பெறப்பட்டது'. இந்த எழுத்துக்கென்றே நடைக் கையேடுகள் உண்டு. சுருக்கமாக எழுது, எளிய சொல்லைப் போடு, உணர்ச்சியைக் கலக்காதே என்பவை அவற்றின் வழக்கமான அறிவுரைகள். மூன்றும் நல்லவைதான். என் சண்டை அந்தக் கடைசி வினைச்சொல்லோடு.

பள்ளிக்கூடத்தில் 'தோன்றா எழுவாய்' படித்திருப்போம். 'வந்தாள்' என்றால் போதும், வந்தது ஒருத்தி என்பது விகுதியிலேயே தெரிந்துவிடும். எழுவாய் ஒளிந்தாலும் தமிழ் அதைக் காட்டிக்கொடுக்கும். 'பெறப்பட்டது' அப்படியில்லை. அதன் விகுதி பொருளை மட்டுமே சுட்டுகிறது. யாரு எடுத்தா, யாரு வித்தா, யாரு கண்ணை மூடிக்கிட்டா? அதெல்லாம் அதில் கிடையாது.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சாதபீஸ் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலையைப் பாருங்கள். ஏலத்தில் வாங்கியது உண்மை. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அதே சிலை 1957இல் கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் கோவிலில் இருந்ததற்கான புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணங்களில் இருந்தது. ஓர் ஆய்வாளர் இரண்டையும் பொருத்திப் பார்த்தார். 2019 கடைசியில் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. 2024இல் திருப்பித்தரப் பல்கலைக்கழகம் சம்மதித்தது. 1957க்கும் 1967க்கும் நடுவே பத்து வருஷம். கதையே அங்கேதான் இருக்கிறது. ஏலத்திலிருந்து தொடங்கும் குறிப்பு, கதை முடிந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

சொற்களைத் திருத்தும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் 2015 வாக்கில் தன் இணையப் பட்டியலில் இழிவான காலனியச் சொற்களை மாற்றத் தொடங்கியது. சிமோன் மாரிஸ் வரைந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் ஓவியம் 'விசிறியுடன் இளம்பெண்' ஆனது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று சிலர் கொதித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை. பழைய தலைப்புகளும் பதிவில் பத்திரமாக இருக்கின்றன. என் குறை வேறு. பெயர்ச்சொல்லை மாற்றினால் மரியாதை திரும்புகிறது. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வினைச்சொல்லை மாற்றினால் கணக்குத் தீர்க்க வேண்டிவரும். அதனால்தான் அதில் கைவைக்க இவ்வளவு தயக்கம்.

'நடுநிலையாகத்தானே எழுதுகிறோம்' என்பார்கள். சரி, நடுநிலையாகவே எழுதட்டும்: "1957இல் கோவிலில் இருந்தது. 1967இல் ஏலத்தில் வாங்கினோம். கோவிலைவிட்டு எப்படி வெளியேறியது என்பதற்கு எங்களிடம் ஆவணம் இல்லை."

மூன்றே வாக்கியம். சுருக்கம், எளிமை இரண்டும் இருக்கின்றன, உணர்ச்சி துளியும் இல்லை. எந்தக் கையேட்டையும் இது மீறவில்லை. இதில் புதிதாக இருப்பது 'வாங்கினோம்' என்ற சொல்லின் கடைசியில் நிற்கும் அந்த 'ஓம்' மட்டும்தான்.